குழந்தையின் தட்டில் காய்கறி: எவ்வளவு, எது, எதற்கு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று அது கணக்குச் சொல்கிறது. அதாவது, தட்டில் ஏறக்குறைய பாதி இடம் காய்க்கும் பழத்துக்கும் உரியது. சோறு நடுவில் குவிந்திருக்க, பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி ஒதுங்கியிருக்கும் தட்டையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்குவது கடினம். இரண்டு வாய் பீன்ஸ் ஊட்டுவதற்குள் அரை மணி நேரம் போராடும் பெற்றோருக்கோ இது கவலையையும் சேர்த்தே தருகிறது.

தமிழ்க் குடும்பங்களில் காய்கறியின் மீது மரியாதை குறைவில்லை. காய் இல்லாத சாம்பாரை யாரும் வைப்பதில்லை. கீரைக்கென்று வாரத்தில் நாள் ஒதுக்கும் வீடுகள் ஏராளம். குறை இருப்பது அளவில்தான். காயைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே வைத்திருக்கிறோம், உணவாக வைக்கவில்லை. எத்தனை கிராம் உள்ளே போகிறது என்று ஒரே ஒரு நாள் எடைபோட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

எதைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பது?

குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடும் காய் எது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் உருளைக்கிழங்கு வறுவல். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் காய்கறிப் பரிந்துரையில் உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற கிழங்குகள் கணக்கில் வருவதில்லை. அவை கெட்ட உணவு என்பதல்ல காரணம். அவற்றில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. உடலுக்குள் அவை செய்யும் வேலை சோறு செய்யும் வேலைக்கு நெருக்கமானது. சோற்றுக்கு உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்ட குழந்தை, தானியத்தோடு இன்னொரு தானியத்தைச் சாப்பிட்டது போலத்தான். சேனை, கருணை, சேம்பு ஆகியவையும் இந்தப் பக்கமே சேரும்.

கீரைகள், அவரை, பீன்ஸ், வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, பாகல், கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, தக்காளி, வெங்காயம் எல்லாம் கணக்கில் வரும். முருங்கைக்காயில் மட்டும் எச்சரிக்கை தேவை. சாம்பாரில் நாலு துண்டு போட்டுப் பரிமாறினாலும், குழந்தை உறிஞ்சும் சதை சிறிதளவே; மீதி எடை சக்கையாகத் தட்டோரம் போய்விடுகிறது. தக்காளி சாஸும், காய்த்தூள் கலந்ததாக உறையில் அச்சிட்ட நொறுக்குத்தீனியும் காய்கறி ஆகா.

வயதுக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகளுக்கென்றே தனி அளவுகளைச் சொன்னது. காய்கறியும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம்:

1. 2 முதல் 5 வயது வரை: 250 கிராம்
2. 6 முதல் 9 வயது வரை: 350 கிராம்
3. 10 வயதுக்கு மேல்: 400 கிராம்

ஐந்து வயதுக் குழந்தைக்கு 250 கிராம் என்பது எட்டாத அளவு இல்லை. ஒரு நடுத்தரக் கொய்யா ஏறக்குறைய 100 கிராம் வரும். மதியம் 60 கிராம் காயில் செய்த பொரியல், சாம்பாரில் 30 கிராம் காய், இரவில் தோசைக்குத் தொட்டுக்கொள்ள 60 கிராம் காய் போட்ட குருமா என்று வைத்தால் மீதி நிறைந்துவிடும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அளவு இறங்கிவிடும். காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியம் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், இரவில் பொடி தூவிய தோசையும் உண்ணும் குழந்தை மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறது. காய் என்று எடைபோட்டால் அந்த நாளில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. இத்தகைய நாள்கள் வாரத்தில் எத்தனை என்று பெற்றோர் எண்ணிப்பார்ப்பது நல்லது.

பள்ளித் தட்டையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பள்ளி மதிய உணவு விதிப்படி, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி. எட்டு வயதுக் குழந்தைக்கு 350 கிராம் தேவை என்றால் பள்ளி தருவது ஏழில் ஒரு பங்கு. மீதி 300 கிராமை வீடு தர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தால் அது முடியுமா என்பதை யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாடு இந்தத் துறையில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் என மூன்று தலைமுறை முயற்சி இதில் இருக்கிறது. பசியைத் தணிப்பது முதல் கடமையாக இருந்தது. அது சரியான வரிசைதான். இனி பேசப்பட வேண்டியது தட்டில் விழும் காயின் எடை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அரசு நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அத்தகைய வாரங்களில் அரிசியின் அளவை எந்த வீடும் குறைப்பதில்லை. காயின் அளவுதான் குறைகிறது. விலையேற்றத்தின் சுமை முதலில் விழுவது குழந்தையின் பொரியலில். பள்ளி வளாகத்தில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு முருங்கை மரமும் ஒரு பப்பாளி மரமும் பெரிய செலவு கேட்பவை அல்ல. இடமுள்ள எந்தப் பள்ளியும் இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

உடலுக்குள் என்ன வேலை?

1. நார்ச்சத்து. பெருங்குடலில் மலத்துக்கு ஈரத்தையும் பருமனையும் தருவது இதுதான். 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 15 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம், அதற்கு மேல் 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. மெருகேற்றிய வெள்ளை அரிசியில் நார் மிகக் குறைவு. காயும் இல்லை என்றால் மலச்சிக்கல் வருகிறது, ஒருமுறை வலியோடு மலம் கழித்த குழந்தை அடுத்த முறை அடக்கிக்கொள்கிறது, அடக்க அடக்க மலம் இறுகுகிறது, பசி மந்தமாகிறது. ‘குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாருக்குப் பின்னால் இந்தச் சுழல் பல நேரம் ஒளிந்திருக்கும்.

2. வைட்டமின் ஏ. கேரட், பரங்கி, பப்பாளி ஆகியவற்றின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கீரைகளிலும் உண்டு. பச்சை நிறம் அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. ஏறக்குறைய 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும். மாலைக்கண் நோயைத் தடுப்பதோடு, தொற்றுகளை எதிர்க்கும் ஆற்றலுக்கும் இது வேண்டும். அங்கன்வாடிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் புகட்டுவது இதன் முக்கியத்துவத்தால்தான்.

3. ஃபோலேட், வைட்டமின் சி, பொட்டாசியம். ஃபோலேட் புதிய செல்கள் உருவாகத் தேவை. வைட்டமின் சி ஈறு, தோல், காயம் ஆறுதல் ஆகியவற்றோடு தொடர்புடையது. உப்பு மிகுந்த தீனி உண்ணும் குழந்தைகளுக்குப் பொட்டாசியத்தின் துணை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கீரை தின்றால் ரத்தம் ஊறுமா?

மிகப் பெரிய நம்பிக்கையும் மிகப் பெரிய குழப்பமும் இங்கேதான் இருக்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய சுற்றில் இது 50.7 விழுக்காடு. முருங்கை மரம் இல்லாத தெரு அரிதாக உள்ள மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ரத்தசோகையோடு வளர்கிறார்கள் என்பது வேதனையான செய்தி.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு இரும்புச்சத்து நாளுக்கு 11 மி.கி. தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கீரையில் வகையைப் பொறுத்து ஏறக்குறைய 3 முதல் 6 மி.கி. இருக்கிறது. பச்சைக் கீரை 100 கிராம் என்பது கணிசமான குவியல். வெந்ததும் சுண்டிச் சிறு கிண்ணமாகிவிடும். குழந்தை அதில் பாதியைச் சாப்பிட்டாலே பெரிய விஷயம். ஆக, ஒரு வேளைக் கீரையிலிருந்து 2 மி.கி. அளவுக்குத்தான் கிடைக்கும். வாரம் ஒருநாள் கீரை என்னும் வழக்கத்தால் ரத்தசோகை தீராது என்பதற்கு இந்த எளிய கணக்கே போதும்.

இரண்டாவது தடை, உறிஞ்சப்படும் அளவு. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதியைக் குடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. தாவர உணவில் உள்ள இரும்பு வேறு வடிவத்தில் இருக்கிறது. தானியங்களிலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட், டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால் ஆகியவை அதைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்ச விடுவதில்லை. உண்ட இரும்பில் பெரும்பகுதி இப்படி வெளியேறிவிடுகிறது.

இந்தத் தடையை உடைக்கும் கருவியும் காய்கனிகளிடமே இருக்கிறது. வைட்டமின் சி, தாவர இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் அதே வேளை உணவில் இருந்தால்தான் இது நடக்கும். காலையில் கொய்யா, இரவில் கீரை என்று பிரித்துக் கொடுத்தால் இந்தப் பயன் இல்லை. கீரைக் கடையலில் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது, பருப்புச் சோற்றுடன் நெல்லிக்காய்த் துவையல், கேழ்வரகு அடை தின்ற கையோடு ஒரு துண்டு கொய்யா ஆகியவை சிறிய மாற்றங்கள்தான். ஆனால் சோறு, பருப்பு, கேழ்வரகு, கீரை எல்லாவற்றிலும் உள்ள இரும்பையும் இவை சேர்த்தே எடுத்துக்கொடுக்கின்றன. என் பார்வையில், ரத்தசோகையைப் பொறுத்தவரை காய்கறியின் முதன்மையான பங்கு தானே இரும்பைத் தருவது அல்ல. தட்டில் ஏற்கெனவே இருக்கும் இரும்பை உடலுக்குக் கொண்டுசேர்ப்பது.

சாப்பாட்டோடு குழந்தைக்கு டீ, காபி கொடுக்கும் பழக்கத்தை இதனாலேயே நிறுத்த வேண்டும். பாலிலும் அளவு வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்து மற்ற உணவில் நாட்டம் குறைகிறது. பாலில் இரும்பும் மிகக் குறைவு. ‘பால் மட்டும் நன்றாகக் குடிக்கிறான்’ என்பதைக் கேட்டு மருத்துவர்கள் கவலைப்படுவது இதனால்தான்.

குழந்தை ஏன் காயை ஒதுக்குகிறது?

பிடிவாதம், செல்லம் கொடுத்து வளர்த்தது என்றெல்லாம் பெற்றோரைக் குற்றம் சொல்வது எளிது. அது பெரும்பாலும் நியாயமற்றது. ஏறக்குறைய 2 வயது முதல் 6 வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டால் பின்வாங்குவது வளர்ச்சியின் இயல்பான கட்டம். நடக்கத் தொடங்கிய குழந்தை, கண்டதை வாயில் போட்டு நஞ்சுக்கு இரையாகிவிடாமல் இருக்க இந்தத் தயக்கம் உதவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கசப்பின் மீதான வெறுப்பும் பிறவியிலேயே வருவது. கசப்பைக் கூர்மையாக உணரும் மரபணு வடிவம் உள்ள குழந்தைக்குப் பாகற்காயும் முட்டைக்கோஸும் அதன் அப்பா உணர்வதைவிடப் பல மடங்கு கசக்கலாம்.

சுவைப் பழக்கம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மொனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழை முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. தாய் உண்ணும் காயின் மணம் கருவறை நீரிலும் தாய்ப்பாலிலும் கலந்து குழந்தைக்கு அறிமுகமாகிறது. பாலூட்டும் பெண்ணுக்கு ‘இந்தக் காய் ஆகாது, அந்தக் காய் வாயு’ என்று நீளமான பட்டியல் போட்டு விலக்குவதால் குழந்தை இழப்பது இந்த அறிமுகத்தைத்தான்.

இனி நடைமுறை. ஆய்வுகள் உறுதியாகச் சொல்பவை இவை:

1. ஒரே காயைத் திரும்பத் திரும்பத் தர வேண்டும். பத்து, பதினைந்து முறை சுவைத்த பிறகே பல குழந்தைகள் ஏற்கின்றன. லண்டனில் ஜேன் வார்டில் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காத ஒரு காயை 14 நாள்கள் தினமும் சிறிதளவு சுவைக்கத் தந்த குழந்தைகளிடம் விருப்பமும் உண்ணும் அளவும் கூடின. நம் வீடுகளில் இரண்டு, மூன்று முறை துப்பியதும் ‘இவளுக்குப் புடலங்காய் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அத்தோடு அந்தக் காய் வாழ்நாள் முழுவதும் போய்விடுகிறது. ஒரு விரல்நுனி அளவு போதும். துப்பினாலும் அது ஓர் அறிமுகமே.

2. காயை முதலில் வைக்க வேண்டும். பசி உச்சத்தில் இருக்கும் முதல் சில நிமிடங்களில் தட்டில் காய் மட்டும் இருந்தால் அது உள்ளே போகிறது. அமெரிக்கப் பாலர் பள்ளி ஒன்றில் உணவுக்கு முன் தரும் கேரட்டை 30 கிராமிலிருந்து 60 கிராமாக்கியபோது, குழந்தைகள் உண்ட கேரட்டின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. சோற்றைப் பிசைந்து ஊட்டி முடித்து, கடைசியில் பொரியலைத் திணிக்கும் நம் வரிசையை மாற்றினாலே பலன் தெரியும்.

3. வற்புறுத்தல் எதிர்விளைவையே தரும். ‘முடி, முடி’ என்று நெருக்கப்பட்ட குழந்தைகள் நெருக்கப்படாதவர்களைவிடக் குறைவாக உண்டதையும், அந்த உணவை வெறுத்துப் பேசியதையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ‘கீரை தின்றால் சாக்லேட்’ என்ற பேரமும் ஆபத்தானது. கீரை என்பது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று, சாக்லேட்தான் பரிசு என்ற பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

4. மறைத்துக் கொடுப்பது பாதி வழி. சப்பாத்தி மாவில் கேரட் துருவல், தோசை மாவில் முருங்கைக் கீரை சேர்ப்பதால் சத்து உள்ளே போகிறது. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் தெரியாமல் உண்ட காயின் மீது விருப்பம் வளராது. அதே வேளையில் அதே காய் தன் உருவத்தோடும் தட்டில் இருக்க வேண்டும். அப்பாவும் தாத்தாவும் அதே காயைத் தங்கள் தட்டில் ஒதுக்காமல் உண்பதைக் குழந்தை பார்க்க வேண்டும்.

அடுப்பில் கவனிக்க வேண்டியவை

பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஒரு வேளை உணவில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ இல்லாவிட்டால் அதன் பெரும்பகுதி வீணாகும். குழந்தைக்கான கேரட் மசியலில் நெய் சேர்க்கும் பாட்டிகளின் வழக்கம் அறிவியல்பூர்வமாகவும் சரியானது. வேகவைப்பதால் காயின் செல் சுவர்கள் தளர்ந்து கரோட்டின் கூடுதலாகக் கிடைக்கவும் செய்கிறது. வைட்டமின் சி இதற்கு நேர் எதிர்: நீரில் கரையும், சூட்டில் சிதையும். எனவே காயை வெட்டிய பின் கழுவுவதும், வேகவைத்த நீரை வடித்துக் கொட்டுவதும் கூடாது. கூட்டிலும் சாம்பாரிலும் அந்த நீர் உணவோடு தங்கிவிடுவது நம் சமையலின் நல்ல கூறு. வெட்டும் முன் ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மண்ணும் மேற்பரப்பில் உள்ள மருந்து எச்சத்தில் ஒரு பகுதியும் போகும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் காய் வெந்த நீரையும் பருப்புத் தண்ணீரையும் வடித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த நீரில் சத்து சொற்பம். வயிறு மட்டும் நிறையும். நாரும் கரோட்டினும் பருப்பின் புரதமும் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடுகின்றன. காயையே மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் தர வேண்டும். நான்கு வயது வரை பச்சைக் கேரட்டை வட்டத் துண்டுகளாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். துருவியோ வேகவைத்தோ தரலாம்.

காய்கறியால் ஆகாதவை

காய்கறியில் ஆற்றல் குறைவு. பெரியவர்களுக்கு எடை குறைக்க உதவும் இந்தப் பண்பு, ஒரு வயதுக் குழந்தைக்குப் பாதகமாகலாம். அதன் வயிறு சிறியது. சூப்பாலும் காய்மசியலாலும் மட்டும் அதை நிரப்பினால் வளர்ச்சிக்கு வேண்டிய கலோரியும் புரதமும் போதாமல் போகும். தானியம், பருப்பு, எண்ணெய், முட்டை அல்லது மீன் ஆகியவற்றோடுதான் காய் இருக்க வேண்டும். வைட்டமின் பி12 எந்தக் காயிலும் இல்லை. இறைச்சி, மீன், முட்டை உண்ணாத வீட்டுக் குழந்தைக்குப் பாலும் தயிரும் அதற்காகவே அவசியம்.

ரத்தசோகை என்று பரிசோதனையில் தெரிந்த குழந்தைக்கு உணவை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. குடற்புழு, பி12 குறைவு, பரம்பரை ரத்த நோய் என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. இரும்புச்சத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து திரவம், 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, 10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு நீல மாத்திரை இலவசமாக வழங்கப்படுகின்றன. இவை தடுப்புக்கான அளவுகள். ரத்தசோகை உள்ள குழந்தைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரையைத் தின்றால் மலம் கறுக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் பள்ளியில் வாங்கி வீட்டுக்கு வரும் வழியில் எறிந்துவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பானது. வெறும் வயிற்றில் தராமல், சாப்பிட்ட பிறகு, பாலோ டீயோ இல்லாமல் தண்ணீரோடு கொடுத்தால் புரட்டல் பெரும்பாலும் குறைந்துவிடும்.